அட்டெண்டரைக் கூப்பிடுங்க

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். எழுத உட்காரும் முன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். யாரையாவது விட்டுவிட்டால், படித்துவிட்டு வருத்தப்படுவார்களே என்று இப்போதே எனக்குக் கவலை.

பாடம் நடத்தும் டாக்டர் தயாகர் சார். சித்தூரிலிருந்து வந்த டாக்டர் பார்கவி. கூடப் படித்த இரண்டு டாக்டர் பையன்கள், இம்ரானும் சந்தோஷும். கையில் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் தப்பு செய்தால் அடிக்க ஒரு மேஜை மணி என்று ஆபீஸ் பெண் லாவண்யா. நோயாளியாக நான். ஏழாவது என் மச்சான் கோவிந்தன். அவனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஒரு புடவைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே கடை திறந்து பெட்டி பிரித்தால் புதுப்புடவைக் கஞ்சி வாசம் படியேறி எங்கள் அறை வரை வரும். ஏ.சி. சொட்டுவதற்கு அடியில் ஒரு பெயின்ட் பக்கெட் வைத்திருந்தோம். டொக், டொக் என்று விழுந்துகொண்டே இருக்கும்.

நான் நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெயர் சுப்பராஜ். இரண்டு மாதமாக வயிற்றுவலி. டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வந்துவிட்டது, கெட்ட ரிசல்ட். சுப்பராஜுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பார்கவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வணக்கம் சொன்னாள். எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் நல்ல சிரிப்பு. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க அட்டெண்டர் யாரு? அவரைக் கூப்பிடுங்க."

லாவண்யாவின் கை மணிக்குப் போனது.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் டாக்டர்கள் படிக்கிற இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்லாமல் மேலே போனால் நன்றாக இருக்காது. முன்பு வேலை பார்த்த ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை கேன்டீனைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதிய வாரம் ஒரு வாசகர், "நீங்கள் எதையும் முதலிலிருந்து சொல்வதே இல்லை" என்று குறைபட்டிருந்தார். அதிலிருந்து எழுதும்போதெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கிறது.

இன்னொன்று. ஒரு டாக்டரை அவள் இவள் என்று எழுதலாமா என்றும் கவலை. பார்கவிக்கே போன் போட்டுக் கேட்டேன். "அங்கிள், 'அவர்'னு எழுதினா யாரோ மாதிரி இருக்கும். வேணாம்" என்றாள்.

முகத்துக்காகக் கிடைத்த வேலை

ஸ்ரீ சிட்டியில் பாரம் தூக்க முடியாமல் போன பிறகு, அந்தப் புடவைக்கடைக் கட்டடத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். கேட், மோட்டார், ஜெனரேட்டர் மூன்றும் என் பொறுப்பு. மோட்டாரை நிறுத்தினேனா என்று ஒரு முறை போய்ப் பார்ப்பேன். பார்த்தது சரிதானா என்று இன்னொரு முறை.

மூன்றாவது மாடியில் தயாகர் சார் வகுப்பு நடத்த ஆரம்பித்தார். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் வெளிநாட்டில் ஸ்பெஷலிஸ்ட் பயிற்சிக்கு விண்ணப்பிப்பார்கள். பரீட்சை எழுதி, மார்க் வாங்கி, கடைசியாக ஒரு நேர்காணல். கம்ப்யூட்டரில்தான் நடக்கும். அதில் ஒரு சுற்றில், அங்கே யாரோ ஒருவர் நோயாளியாக நடிப்பார், இவர்கள் டாக்டராகப் பேச வேண்டும். பேசுகிற விதத்துக்கு மார்க். சாரும் பல வருஷம் அங்கேதான் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவர்.

ஒரு நாள் படியில் என்னைப் பார்த்து நின்றார். "ஆறுமுகம் காரு, உடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் கீறேன் சார்."

"இல்ல, உங்க முகத்துல எப்பவும் ஏதோ ஒரு வியாதி இருக்குற மாதிரியே இருக்கு. தப்பா நினைக்காதீங்க. எனக்கு அந்த முகம்தான் வேணும்."

அப்படித்தான் நான் நோயாளி ஆனேன். ஞாயிறுதோறும் ஒரு வியாதி. சார் முதல் நாளே வந்து கதையைச் சொல்லிவிட்டுப் போவார். என்ன வலி, எங்கே வலி, எதை டாக்டர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், எதற்கு அழ வேண்டும், எல்லாம்.

சாரிடம் ஒரு வழிமுறை உண்டு. முதலில் தாய்மொழியில் பேச வைப்பார். தமிழோ தெலுங்கோ, வீட்டில் பேசுகிற பேச்சு. அதில் தடுமாற்றம் போன பிறகுதான் இங்கிலீஷ். "பயம் இங்கிலீஷ்ல இல்லப்பா, உள்ள இருக்கு. அதை அதோட பாஷையிலதான் வெளிய எடுக்கணும்" என்பார். எனக்கு இரண்டு பாஷையும் வரும் என்பதால் இரண்டு கூட்டத்துக்கும் நானே நோயாளி.

தனத்துக்கு, என் மனைவிக்கு, இது பிடிக்கவே இல்லை. நான் மாரடைப்பு நடித்த வாரம் முழுக்க இடது கை வலிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நடித்த வாரம் தினமும் காலையில் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "உனக்குக் குடுக்குற வேசத்த கீழயே அவுத்து வெச்சுட்டு வா. வீட்டுக்கு இஸ்துக்கினு வராத" என்றாள்.

வாய் நின்றது, கண் நிற்கவில்லை

பார்கவி ஞாயிறுதோறும் சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர். அப்பா மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். தூங்காத கண்ணோடு வந்து, பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டுவாள். "அங்கிள், பாதி துன்னுங்க. அம்மா ரெண்டு பேருக்குப் போட்டு அனுப்புறாங்க."

வியாதிகளெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இம்ரானும் சந்தோஷும் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பார்கள். ஆனால் முதல் வருஷம் நேர்காணலுக்கு அழைப்பே வரவில்லை. இரண்டாம் வருஷம் வந்தது, தோற்றாள். இது மூன்றாவது. எழுதிய பரீட்சை மார்க் இந்த வருஷத்தோடு காலாவதி ஆகிறது. இதில் இல்லை என்றால் எல்லாம் அடியிலிருந்து. வீட்டிலும், "இத்தோட சரி, அப்புறம் நாங்க சொல்றதைக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். நேர்காணல் அடுத்த வியாழக்கிழமை. நான் சொல்கிற ஞாயிறுதான் கடைசி வகுப்பு.

அவளிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று. அட்டெண்டர்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட வந்தவருக்கு அங்கே பெயர் அட்டெண்டர். சீட்டு போட, மருந்து வாங்க, ரத்தத்துக்கு ஆள் பிடிக்க எல்லாவற்றுக்கும் அவர். நோயாளி கட்டிலில் படுத்திருப்பார். டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். முகம் மாறாது. "அட்டெண்டர் எவரு?" என்பார். அட்டெண்டர் வெளியே போவார். சேதி வெளியே சொல்லப்படும். கட்டிலுக்கு வந்து சேர்வது, "ஒண்ணும் இல்ல, சரியாயிடும்" மட்டும்தான்.

வெளிநாட்டில் அப்படிச் செய்தால் அதோடு முடிந்தது என்றார் சார். நோயாளியிடம்தான் முதல் பேச்சு. அவர் சம்மதிக்காமல் கூட வந்தவரிடம் வாயே திறக்கக் கூடாது. போன வருஷம் பார்கவி தோற்றது அங்கேதான். கெட்ட சேதி சொல்லச் சொன்னால், திரையில் இருந்த நோயாளியை விட்டுவிட்டு, அவர் மகனின் போன் நம்பரைக் கேட்டிருக்கிறாள்.

இம்ரானும் சந்தோஷும் சென்னைப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகளில் பழகியவர்கள். இரண்டு தடவை மணி அடித்ததும் திருந்திவிட்டார்கள். பார்கவிக்கு மணி அடித்து அடித்து லாவண்யா கை ஓய்ந்துபோனாள்.

"அய்யோ சார், தானா வாய்ல வந்துடுது."

பிறகு உதட்டைக் கடித்து வார்த்தையை நிறுத்தப் பழகினாள். ஆனால் கெட்ட சேதி சொல்ல வேண்டிய இடம் வந்ததும் கண் கதவுப் பக்கம் போகும். வெளியே யாராவது நிற்கிறார்களா என்று தேடும். சார் தலையில் கை வைத்துக்கொள்வார். "வாய் நின்னுடுச்சும்மா. கண்ணு நிக்கலியே."

ஒரு டீ இடைவேளையில் நானே கேட்டேன். "இன்னாத்துக்கும்மா அப்படிப் பாக்குற?"

கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் அவளைக் கூப்பிட்டு, "எனக்கு என்னா ஆச்சுன்னு நீயாவது சொல்லு தாயி" என்று கேட்டிருக்கிறார். இவளும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது, இனி வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று. சாயங்காலம் மகன்கள் வந்தார்கள், கூட ஏழெட்டுப் பேர். எங்கப்பாகிட்ட எவ்வளவு தைரியம் இருந்தா சொல்லுவ என்று டியூட்டி ரூம் கண்ணாடியை உடைத்தார்கள். கட்டுப் போடுகிற அறையில் ஒரு நர்ஸம்மா இவளைத் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

"அந்தப் பெரியவர் உள்ள இருந்து கத்திக்கினே இருந்தாரு அங்கிள். நான்தான்டா கேட்டேன், அது சொல்லுச்சு, விடுங்கடான்னு. ஒருத்தரும் காதுல வாங்கல."

டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுலேர்ந்து நான் மொதல்ல கூட வந்த ஆளைப் பாத்துக்குவேன். அப்புறம்தான் சேதி."

எனக்கே அன்று முழுக்கக் கண்ணாடி உடையும் சத்தம் காதில் இருந்தது.

எழுந்து நின்ற மச்சான்

இப்போது அந்தக் கடைசி ஞாயிறுக்கு வருகிறேன்.

ஏர்பேட்டில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வகுப்பு முடிந்ததும் என்னை பைக்கில் கூட்டிப்போகக் கோவிந்தன் வந்திருந்தான். கீழே வெயில் என்று மேலே ஏறி வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து லாவண்யாவின் நேந்திரங்காய் சிப்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் நடிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டான். "டிராமா நல்லாகீது மாமா, பாட்டுதான் இல்ல" என்று விமர்சனமும் சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை நெருங்கிய பதற்றமோ என்னவோ, அன்று பார்கவிக்கு வாயும் நிற்கவில்லை. எடுத்த எடுப்பில், "உங்க அட்டெண்டர் யாரு? அவரைக் கூப்பிடுங்க" என்றுவிட்டாள்.

சார் சொல்லிக்கொடுத்தபடி நான், "தனியாத்தான் வந்தேன்" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க மேடம். கூட வந்துகிறேன்."

கோவிந்தன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். சிப்ஸ் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, முகத்தை அட்டெண்டர் முகமாக வைத்துக்கொண்டு. வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்துவிட்டது என்று பிறகு சொன்னான்.

லாவண்யா மணியைத் தூக்கினாள். சார் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பார்கவியின் முகத்தில் வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். தொலைத்த குழந்தை கிடைத்த மாதிரி. "கொஞ்சம் வெளிய வாங்க" என்று கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. பாதிக் கதவு கண்ணாடி.

நான் நாற்காலியில் தனியாக இருந்தேன்.

பித்தப்பையும் பைக்கும்

இதே கோவிந்தன், இதே மாதிரி ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கதை ஒன்று உண்டு. ஸ்ரீ சிட்டி நாட்களின் கடைசியில் நடந்தது.

வேலைக்கு நடுவில் வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குத்தின மாதிரி வலி. வேர்த்து ஊற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வந்தார், படத்தைப் பார்த்தார், அட்டெண்டரைக் கேட்டார். கோவிந்தன் போனான்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். டாக்டர் பேசப் பேச அவன் தலையாட்டினான். ஒரு தரம் துண்டால் முகத்தைத் துடைத்தான். எதையோ திருப்பிக் கேட்டான். மறுபடியும் தலையாட்டினான். பிறகு உள்ளே வந்து என் காலைப் பிடித்துவிட்டபடி, "ஒண்ணும் இல்ல மாமா. சாதாரணம்" என்றான்.

காலைப் பிடித்துவிட்டானே, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயுசில் அவன் என் காலைத் தொட்டதில்லை.

அப்புறம் நான் பட்ட பாட்டை எழுதினால் சிரிப்பீர்கள். தனத்துக்கு யார் துணை, வாடகை முன்பணம் யாரிடம் இருக்கிறது, கேஸ் சிலிண்டர் யார் பெயரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்தேன். தனம் கஞ்சி கொண்டுவந்தால், இதுதான் கடைசிக் கஞ்சியோ என்று பார்ப்பேன். அவளிடம் கேட்டாலும், "ஒண்ணும் இல்ல"தான். கோவிந்தனைக் கூப்பிட்டு, "என் பைக்க நீயே வெச்சுக்கோடா" என்று சொல்லிவிட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி மாமா" என்றான். அதில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோனது.

பித்தப்பையில் கல். எடுத்துப் போட்டார்கள். சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெளியே டாக்டர் சொன்னது அதுதான். கல் இருக்கிறது, பையோடு எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆளைப் பார்த்தால் பயந்த சுபாவம், சொல்லாதீர்கள், பி.பி. ஏறும் என்று. முகத்தைத் துடைத்தது ஏன்டா என்று கேட்டேன். "ஃபேன் இல்ல மாமா அந்த எடத்துல." காலைப் பிடித்தது ஏன்? "ஆபரேசன்னு சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பைக் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

வயிறு யாருடையது

மூன்றாவது மாடியில், நாற்காலியில், நான் சுப்பராஜ். கதை எனக்குத் தெரியும். வெளியே அவள் என்ன சொல்கிறாள் என்பதும் தெரியும். கதையைச் சொல்லிக்கொடுத்த சார் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் திரும்பிப் பார்த்தால், கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோவிந்தன் தலையாட்டினான். அதே தலையாட்டல். முகத்தைத் துடைத்தான்.

எனக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. முதுகில் சட்டை ஒட்டியது. ஏ.சி. தண்ணீர் பக்கெட்டில் விழுவது மட்டும் கேட்டது. "டைம் போகுது சார்" என்று சந்தோஷ் மெதுவாகச் சொன்னான். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. பார்கவி உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். பின்னால் கோவிந்தன், தலையைக் குனிந்தபடி.

"ஒண்ணும் இல்ல அங்கிள்," என்று ஆரம்பித்தாள். "வயித்துல சின்னதா ஒரு…"

"அவன்கிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லும்மா."

இது சார் சொல்லிக்கொடுத்த வசனம் இல்லை. என் குரலும் எனக்குப் புதிதாக இருந்தது. அவள் கண் கதவுப் பக்கம் போனது.

"அங்க பாக்காத. வயிறு என்னுது."

கையை அவள் பக்கம் நீட்டினேன். "நீ வெளிய நின்ன நேரத்துல நான் என் பொண்டாட்டிய யார் வீட்ல விடுறதுன்னு யோசிச்சுக்கினு இருந்தேன். நடிக்கலம்மா. இந்தக் கையத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். அவள் கையும் என் கையைப் போலத்தான் இருந்தது, சில்லென்று.

"சொன்னா அடிப்பாங்களே அங்கிள்" என்றாள். மிக மெதுவாக. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் அந்தச் சின்ன அறையில் எல்லாருக்கும் கேட்டது.

அடிக்கமாட்டார்கள் என்று எப்படிச் சொல்வேன்? அடிக்கத்தானே வந்தார்கள்.

"நான் அடிக்கமாட்டேன் மேடம்" என்றான் கோவிந்தன், கதவோரமாக நின்றபடி.

இம்ரான்தான் முதலில் சிரித்தான். பிறகு லாவண்யா. பார்கவியும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சார் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தார். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. "கதவைப் பாக்குற பக்கம் உங்க சேர் இருக்கு. திருப்பிப் போட்டுக்கோங்க. லாவண்யா, டைம் மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றார்.

நானும் நாற்காலியை மாற்றிக்கொள்ள, கதவுக்கு முதுகைக் காட்டி எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்த ரிசல்ட்டைப் பத்திப் பேசணும். உங்க கூட யாராவது இருக்கணுமா? இல்ல, நம்ம ரெண்டு பேரும் பேசலாமா?"

"ரெண்டு பேரும் பேசலாம்."

"எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?"

"எல்லாம்."

இரண்டு கையையும் முழங்கால் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள். புற்றுநோய் என்ற வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு அவசரமாக அடுத்ததுக்குப் போகவில்லை. நான் பேசும் வரை காத்திருந்தாள். பக்கெட்டில் நாலைந்து சொட்டு விழுந்தது.

நடிப்புதான். இருந்தாலும் கேட்டபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் இது அவள் சொன்ன அளவுக்கு மட்டும் இருந்த பயம். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்ததற்கு அளவே இல்லை. இதைச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை. என்னைப் போல் கவலைப்படுகிறவர்களுக்குப் புரியும்.

ஏர்பேடு போகிற வழியில் ரேணிகுண்டா தாண்டியதும் கோவிந்தன் பைக்கை ஓரம் கட்டினான். திரும்பாமலே கேட்டான். "மாமா, அந்த டாக்டரம்மா வெளிய சொன்னது எல்லாம் டிராமாதானே? நெசமாலுமே உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"டிராமாதான்டா."

"சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட மறைக்கலியே?"

இல்லை என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தான்.

வியாழக்கிழமை

சித்தூரில் கரண்ட்டை நம்ப முடியாது என்று, நேர்காணலை எங்கள் மூன்றாவது மாடியிலேயே வைத்துக்கொண்டாள். நான் கீழே ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். புடவைக்கடைக்கு வந்த லாரி டிரைவரிடம் ஹாரன் அடிக்காதே என்று கெஞ்சினேன். "எவருன்னா செத்துட்டாங்களா?" என்று கேட்டான். பரீட்சைப்பா என்றேன்.

இறங்கி வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக்கூடப் போடவில்லை.

"அங்கிள், திரையில ஒரு அம்மா. நான் ஆரம்பிச்சதும் அவங்களே சொல்றாங்க. எனக்கு எதுவும் வேணாம், வெளிய என் வீட்டுக்காரர் இருக்காரு, அவர்கிட்ட சொல்லிடுங்கன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதம் அட்டெண்டரை விரட்டப் பழக்கிவிட்டு, கடைசியில் நோயாளியே அட்டெண்டரைக் கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? "இன்னா பண்ண?"

"தலை சுத்திடுச்சு. நம்ம படிச்சதுக்கு நேர் எதிரா கேக்குறாங்களேன்னு. அப்புறம் உங்க கைதான் ஞாபகம் வந்துச்சு. கேக்க பயமா இருக்கா, இல்ல தனியா கேக்க பயமா இருக்கான்னு அவங்களையே கேட்டேன்."

"அதுக்கு?"

"தனியாத்தான் பயம்னாங்க. அப்படின்னா அவரை உள்ள கூப்பிடலாம், நீங்களும் இருங்க, உங்களைப் பாத்துத்தான் பேசுவேன்னு சொன்னேன். சரின்னாங்க." முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "சரியா தப்பான்னு தெரியல. டைம் முடிஞ்சிருச்சு."

ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சார், ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

சித்தூரிலிருந்து ஒரு போன்

முடிவு வரச் சில வாரம் ஆயிற்று. அதற்குள் நான் ஆஸ்துமாவும் மூட்டுவலியும் நடித்து முடித்திருந்தேன். ஒரு மத்தியானம் மோட்டார் போட்டுவிட்டு நிற்கும்போது போன்.

"அங்கிள், கிடைச்சிருச்சு. பொது மருத்துவம்."

அதைக் கேட்டதும் நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மோட்டாரை மறந்துவிட்டேன். மாடியில் டேங்க் வழிந்து புடவைக்கடைக்காரர் கத்துகிற வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் அவள் குரலில் பாதிதான் சந்தோஷம். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகவில்லை. மண்டிக்குக்கூட அரை நாள்தான் போகிறார். பயிற்சி மொத்தம் ஏழு வருஷம். முதலில் மூன்று, அப்புறம் நாலு. அவர் தாங்கமாட்டார் என்று வீட்டில் எல்லாரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பெரியப்பாதான் சொல்ல வேண்டும், மெதுவாகச் சொல்ல வேண்டும், மூன்று வருஷம் என்று மட்டும் சொல்ல வேண்டும். மிச்சம் நாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"எப்போ சொல்லப் போறாங்க?" என்று கேட்டேன்.

"நேத்தே ஆச்சு அங்கிள். பெரியப்பா வந்தாரு. நைனா கட்டில்ல உக்காந்திருக்காரு. பெரியப்பா என்னை வெளிய வா, மொதல்ல நம்ம பேசிக்கலாம்னு கூப்பிட்டாரு. நான் போகல. சேரை இழுத்து நைனா எதிர்ல போட்டு உக்காந்தேன். எடம் கிடைச்சிருக்கு நைனா, ஏழு வருஷம்னு சொல்லிட்டேன்."

"ஏழுன்னே சொன்னியா?"

"ஏழுன்னே சொன்னேன். அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க. பெரியப்பா, இல்லடா மூணுதான், இது தெரியாம பேசுதுன்னாரு. பெரியம்மா தண்ணி எடுத்துக்கினு ஓடியாந்தாங்க. நான் கதவைப் பாக்கல அங்கிள், நைனாவைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"தண்ணிய வாங்கிக் குடிச்சாரு. அப்புறம் அவங்களையெல்லாம் ஒரு தடவை பாத்தாரு. நீங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க, நான் எம் பொண்ணுகூடப் பேசணும்னு சொல்லிட்டாரு."